அரைப் பாகை

தேனி கடைவீதியில் ஞானதுரையிடம் ரேடியோ ரிப்பேருக்குக் கொடுத்த எல்லாருக்கும் ஒன்று தெரியும்: அவருக்கு முதலில் கை போகும், பேச்சு அதற்கப்புறம்தான். அறுபத்து மூன்றாம் வருசம் கம்பத்திலிருந்து வந்த ஒரு திராட்சைத் தோட்டக்காரர், தன் பெட்டியிலிருந்த நல்ல வால்வை ஞானதுரை கழற்றிக்கொண்டு பழையதைப் போட்டுவிட்டதாகக் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னார். சொன்ன வாய் மூடவில்லை, விழுந்த அறையில் கடைவாய்ப் பல் ஒன்று தெறித்துச் சாக்கடையில் போய் விழுந்தது. பல் போனவர் சும்மா இருப்பாரா? மறுநாள் ஆட்களோடு வந்து ஞானதுரையின் மூக்கை உடைத்துவிட்டுப் போனார். உடைந்த மூக்கோடு உட்கார்ந்து அதே ரேடியோவை முடித்து, பாடவிட்டுப் பார்த்து, கம்பம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார் ஞானதுரை. அந்தத் தோட்டக்காரர் பிறகு இருபது வருசம் வேறு கடைக்குப் போகவில்லை.

அடிக்கக் கற்றுக்கொண்டது வீட்டில்தான். அப்பா இரும்புக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசை, மற்ற ஆறு நாளும் மகனுடைய முதுகில் சாட்டைக்கயிறு. எதற்கு அடி என்று கேட்டால் அதற்கும் சேர்த்து அடி. கடையில் ஆணி குறைந்தால் இவன் திருடினான் என்பார். திருடியது வேலைக்காரன் என்று தெரிந்த பிறகும் அடித்தது அடித்ததுதான், ஒரு வார்த்தை வருத்தம் கிடையாது. பதினேழு வயதில் ஞானதுரை அந்தக் கயிற்றைப் பிடுங்கி அப்பாவின் தோளில் ஒன்று வைத்துவிட்டு மதுரைக்கு ரேடியோ படிக்கப் போய்விட்டார். அங்கேதான் அவருக்கு நிம்மதி கிடைத்தது. ஒரு பெட்டியைத் திறந்தால் கெட்ட வால்வு கெட்டதாகவே இருக்கும், நல்லது நல்லதாகவே இருக்கும், யாருக்காகவும் மாற்றிச் சொல்லாது. "மனுசன் பொய் சொல்லுவான். மெசினு சொல்லாது" என்பது அப்போதிலிருந்து அவர் வாயில் ஒட்டிக்கொண்ட வாசகம். அதனால் அவருடைய கோபத்துக்கும் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. வேலை மோசம் என்றால் பொறுத்துக்கொள்வார், பொய் என்றால் கை போய்விடும்.

மனைவி சாராளிடமும் ஒரே ஒரு தடவை கை ஓங்கினார். அந்தம்மாள் பள்ளிக்கூட டீச்சர். அடுப்பிலிருந்த கரண்டியை எடுத்து அவர் முழங்கையில் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு, "இனிமே யோசிச்சு ஓங்குங்க" என்று சொல்லிக் குழம்பைக் கிண்டப் போய்விட்டார். தழும்பு கடைசிவரை இருந்தது. அந்த வீட்டுக்குள் அதற்கப்புறம் யாரும் கை ஓங்கவில்லை.

எண்பத்தேழு கடைசியில் மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து இறங்கினார். கழுத்தில் டை, கையில் தோல்பெட்டி, பின்னால் ஆள் சுமந்து வந்த ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் தாரகை என்று பெயர். மற்ற கம்பெனிகள் எல்லாம் வெளிநாட்டுச் சிப்பை வாங்கி உள்ளே வைத்து மேலே தங்கள் பெயரை ஒட்டி விற்கிறார்கள், நாங்கள் அப்படி இல்லை, மூளையையே சொந்தமாகச் செய்திருக்கிறோம் என்றார் அவர். வேகத்தில் இதை மிஞ்ச ஆள் கிடையாதாம். வேலை செய்கிறவனுக்கும் இதே மெசின், விளையாடுகிறவனுக்கும் இதே மெசின். ஞானதுரை அவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே மூடியைக் கழற்றிவிட்டார். உள்ளே கட்டைவிரல் அகலத்தில் கருப்பாக ஒரு துண்டு, பூரான் கால் மாதிரி இரண்டு பக்கமும் கம்பி. வேலை சுத்தமாக இருந்தது. சுத்தமான வேலையைப் பார்த்தால் அவருக்கு மனசு இளகிவிடும். தேனி, போடி, கம்பம் மூன்றுக்கும் ஏஜென்சி எடுத்துக்கொண்டார்.

முதல் மெசினை வாங்கியவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடியோ கேம் கடை போட்ட கோட்டைச்சாமி. கேரளாவுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் டிரைவர்கள்தான் அங்கே பாதிக்கூட்டம். திரையில் விமானம் வரும், சுட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அதற்கு அவர்கள் அடித்துக்கொண்ட அடி கொஞ்சமில்லை. யார் முறை என்பதில் தொடங்கும். ஒரு நாள் கம்பத்து டிரைவர் ஒருவனின் காது கிழிந்து தொங்கியது. இன்னொரு நாள் ஒருவன் ஸ்டூலால் அடித்து இன்னொருவனின் கைமுட்டியை உடைத்தான். உடைந்த சாவிப்பலகையை மாற்றப் போன ஞானதுரை, நடுவில் அகப்பட்டு மண்டையில் மூன்று தையல் வாங்கி, பதிலுக்கு இரண்டு பேரின் தலைமயிரைப் பிடித்து ஒன்றோடொன்று மோதவிட்டு வந்தார்.

ஆனால் சிப்பு? காலை எட்டு மணிக்குப் போட்டால் கடை மூடும்வரை ஓடியது. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் விமானம் நிற்கவில்லை, தடுமாறவில்லை. கை எந்த வேகத்தில் தட்டுகிறதோ அந்த வேகத்தில் குண்டு போனது. மதுரையில் வெளிநாட்டுச் சிப்பு போட்ட மெசினில் ஆடியவன்கூட இதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி அது நொண்டிக் கழுதை" என்றான். ஞானதுரைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாவது மெசினைக் கேட்டு வந்தவர் தவசி ஜோசியர். மதுரையில் கம்ப்யூட்டர் ஜாதகம் வந்துவிட்டது, தேனியில் முதல் ஆளாகத் தானே போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எண்பத்தெட்டு சித்திரையில் கம்பெனி அதற்கான புரோகிராமையும் சேர்த்து அனுப்பியது. கொடுப்பதற்கு முன் ஞானதுரை வழக்கம்போல் மெசினைச் சோதித்தார். ஏழு என்கிற எண்ணை இரண்டால் வகுக்கச் சொன்னார். நாலு என்று வந்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் நாலு.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. எங்கள் சிப்பு முழு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்திலுள்ள முழு எண்ணோடு சேர்த்துவிடும். அதனால்தான் அதற்கு இந்த வேகம். திரையில் பறக்கிற விமானத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஜாதகம் போன்ற வேலைகளில் கிரகத்தின் இடம் அதிகம் போனால் அரைப் பாகை முன்பின் ஆகலாம், அது பொருட்படுத்தத் தக்கதல்ல. இப்படி எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

இங்கேதான் மனுசன் சறுக்கினார். வேறு எந்த வேலைக்கென்றாலும் அந்த மெசினைத் திருப்பி அனுப்பியிருப்பார், சத்தியமாக அனுப்பியிருப்பார். ஆனால் இது ஜோசியம். பிறந்ததிலிருந்து சர்ச்சில் வளர்ந்தவருக்கு ஜாதகம் என்றாலே முழுப் பொய். முழுப் பொய்யில் அரைப் பாகை கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று நினைத்தார். அரைப் பாகை என்றால் சந்திரன் நகர ஒரு மணி நேரம் என்பதும், ஒரு நட்சத்திரம் முடியப்போகிற கடைசி மணியில் பிறந்த பிள்ளையை அந்தச் சிப்பு அடுத்த நட்சத்திரத்தில் தள்ளிவிடலாம் என்பதும், நூறு பேரில் இரண்டு பேர் தலையெழுத்து அதில் மாறும் என்பதும் அவருக்குத் தெரியாது. கடைவீதியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மெசினைத் தவசியிடம் இறக்கினார்.

தவசிக்கு நல்ல கூட்டம். நேரத்தைச் சொன்னால் கர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு தாள் வரும். கைப்பிழை கிடையாது, ஆளுக்கேற்ற பேச்சு கிடையாது. "மனுசன் பொய் சொல்லுவான், மெசினு சொல்லாதுன்னு ஞானதுரை அண்ணாச்சியே சொல்லியிருக்காக" என்று வந்தவர்களிடம் எல்லாம் அவர் சொல்லிக்கொண்டார்.

ஆவணியில் தேவாரத்திலிருந்து சுருளியாண்டி வந்தார். தென்னந்தோப்பும் வாழையும் உள்ள வசதியான சம்சாரி. அவருடைய மூத்த மகனுக்குக் கடமலைக்குண்டில் பெண் பேசி, பொருத்தம் பார்த்து, பத்திரிகை கொடுத்து, வீட்டு வாசலில் பந்தலும் போட்டாகிவிட்டது. பெண் பெயர் மலையம்மாள், வயது இருபத்தொன்று. அப்பா இல்லை. அம்மா பஞ்சம்மாளும் அண்ணன் கர்ணனும்தான். எல்லாம் முடிந்த பிறகு ஜாதகம் எதற்கு? பகட்டுக்குத்தான். மாப்பிள்ளை, பெண் இரண்டு பேர் ஜாதகத்தையும் கம்ப்யூட்டரில் எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பந்தலில் மாட்ட வேண்டும் என்று சுருளியாண்டிக்கு எண்ணம்.

பெண்ணின் தாள் வந்தது. பெண்ணின் அப்பா கைப்பட எழுதிய பழைய ஜாதகத்தில் கேட்டை நட்சத்திரம், நாலாம் பாதம். கேட்டை மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள், மாப்பிள்ளையே மூத்தவன் என்பதால் அதில் வில்லங்கம் இல்லை என்றுதான் சம்மதித்திருந்தார்கள். தாரகை அடித்துக் கொடுத்த தாளில் மூலம், முதல் பாதம் என்றிருந்தது. மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனார் தங்கமாட்டார் என்பது அந்தப் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சுருளியாண்டிக்கு வியர்த்துவிட்டது. தவசி மறுபடியும் போட்டுக் காட்டினார். மறுபடியும் மூலம்.

சுருளியாண்டி நேராகக் கடமலைக்குண்டுக்கு ஆறு ஆட்களோடு போனார். நிச்சயத் தட்டை வாசலில் விட்டெறிந்தார். "மூலத்தைக் கேட்டைன்னு மாத்தி எழுதி என் உசுருக்கு உலை வைக்கப் பாத்தீகளா? ஒங்க அப்பன் எழுதும்போதே களவாணித்தனம் பண்ணிட்டுத்தான் செத்திருக்கான்" என்று தெருவே கேட்கக் கத்தினார். கர்ணன் பாய்ந்தான். ஆறு பேரும் அவனைக் கீழே தள்ளி நெஞ்சிலும் வயிற்றிலும் மிதித்தார்கள். மறிக்க வந்த பஞ்சம்மாளை ஒருவன் பிடித்துத் தள்ளினதில் அம்மிக்கல்லில் நெற்றி அடித்து, முகமெல்லாம் ரத்தம் வழிந்தது. மலையம்மாள் அம்மாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு எடுத்த சேலையாலேயே நெற்றியைக் கட்டினாள்.

மறுநாள் காலையில் கர்ணன் தேனிக்கு வந்தான். முதலில் தவசியிடம் போனான். மெசின் சொன்னால் சொன்னதுதான், விற்றவரையே கேள் என்று தவசி சொன்ன பதிலோடு ஞானதுரையின் கடைக்கு வந்தான். உதடு வீங்கியிருந்தது. கக்கத்தில் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று. மேசையில் இரண்டு தாள்களை விரித்து வைத்தான், அப்பா எழுதியது ஒன்று, தவசியிடம் வாங்கிவந்த மெசின் தாள் ஒன்று.

"அண்ணாச்சி, இந்த மெசினு நீங்க வித்ததாம்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது தப்பாச் சொல்லுமா?"

ஞானதுரை ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "சொல்லாது."

"எங்கய்யா கைப்பட எழுதி வச்ச நேரம் இது. சாயங்காலம் ஆறு பத்து. கேட்டைன்னு போட்டிருக்கு. ஒங்க மெசினு மூலங்குது. அப்ப எங்கய்யா பொய் எழுதுனாராக்கும்?"

"ஒங்கய்யாவை எனக்குத் தெரியாதுப்பா. மெசினு பொய் சொல்லாது. அம்புட்டுத்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒரு பிள்ளை வாழ்க்கை."

"யோசிக்க என்ன இருக்கு?"

"அப்ப நீங்களும் அந்த ஜோசியரும் சேர்ந்துக்கிட்டுக் கள்ள மெசினை வச்சு ஊரை ஏமாத்துறீக" என்றான் கர்ணன்.

கை போய்விட்டது. வீங்கிய உதட்டின் மேலேயே விழுந்தது அறை. உதடு பிளந்து ரத்தம் மேசை மேல், தாள் மேல் எல்லாம் தெறித்தது. ஞானதுரை அடுத்த அடிக்குத் தயாராக எழுந்து நின்றார். ஆனால் கர்ணன் கை தூக்கவில்லை. தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சரிங்க அண்ணாச்சி. மெசினு பொய் சொல்லாதுன்னா எங்கய்யாதான் பொய்யரு. செத்துப்போன மனுசனைத் தெருவுல நிறுத்திப் பொய்யரும்பான், எங்காத்தா மண்டையை உடைப்பான். அவனை நான் பாத்துக்கிறேன்."

தாள்களை அங்கேயே விட்டுவிட்டுப் போடி பஸ் நிற்கிற பக்கமாக நடந்தான். சாக்கு விலகின இடத்தில் வாழைத்தார் வெட்டுகிற அருவாளின் பிடி தெரிந்தது. ஞானதுரை அதைப் பார்த்தார். பார்த்தும் உட்கார்ந்துவிட்டார். அவனைப் பொய்யன் என்று அடித்த கோபம் இன்னும் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

ரத்தத்தைத் துடைக்கத்தான் மெசின் அடித்த தாளை எடுத்தார். கிரகங்களின் இடம் வரிசையாக அடித்திருந்தது. சூரியன், செவ்வாய், புதன், எல்லாம் முழு எண். சந்திரன் இருநூற்று நாற்பது. ஒன்றில்கூடப் புள்ளிக்கப்புறம் எதுவுமில்லை. ஏழை இரண்டால் வகுத்தால் நாலு. இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். செருப்புகூடப் போடாமல் தவசி வீட்டுக்கு ஓடினார்.

"ஜோசியரே, அறுபத்தேழாம் வருசத்துப் பஞ்சாங்கம் இருக்கா?"

"மெசினு வந்தப்புறம் அதையெல்லாம் யாரு அண்ணாச்சி பாக்குறா?"

"எடுங்கங்கிறேன்."

பரண் மேலிருந்து கட்டு இறங்கியது. தவசி தூசியைத் தட்டித் தேதியைத் தேடினார். கேட்டை, மாலை ஆறு ஐம்பத்திரண்டு வரை என்றிருந்தது. பெண் பிறந்தது ஆறு பத்து. இடையில் நாற்பத்திரண்டு நிமிசம் இருந்தது. அந்த நாற்பத்திரண்டு நிமிசத்தைத்தான் சிப்பு, மூலம் தொடங்குகிற இருநூற்று நாற்பதோடு சேர்த்து விழுங்கிவிட்டது. தவசியின் முகம் வெளுத்தது. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அவர், "இதை நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லையே அண்ணாச்சி" என்றார். ஞானதுரை பஞ்சாங்கத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கோட்டைச்சாமியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார். பஞ்சாங்கம் மடியில், கடிதம் சட்டைப்பையில். போடி தாண்டித் தேவாரம் போகிற ரோட்டில் வழி நெடுக, "இன்னும் கொஞ்சம் முறுக்கு" என்று கோட்டைச்சாமியின் முதுகில் குத்திக்கொண்டே போனார். நடுவில் ஆடு குறுக்கே வந்து இரண்டு பேரும் விழுந்து எழுந்தார்கள். முட்டி தேய்ந்து ரத்தம் வந்ததைப் பார்க்கவில்லை. அந்தப் பையன் ஏறிய பஸ் எங்காவது பஞ்சராகி நிற்கட்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொண்டே போனார். பஸ் எங்கேயும் நிற்கவில்லை.

சுருளியாண்டி வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கர்ணன் நடுவாசலில் நின்றான். சாக்கு கீழே கிடந்தது.

"எங்கய்யா பொய்யரு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிடுறேன்" என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

சுருளியாண்டி கையில் பந்தல் மூங்கிலோடு நின்றார். "மெசினே சொல்லிருச்சு. நான் என்னத்தைச் சொல்ல? அவன் களவாணி, அவன் மக மூதேவி."

"மெசினு தப்பு" என்று ஞானதுரை கத்தினார். "மெசினுதான் தப்பு, அய்யா, இந்தா பஞ்சாங்கம்." அவருடைய சத்தத்தை யாரும் கேட்கவில்லை. சுருளியாண்டி மூங்கிலை வீசினார், கர்ணனின் தோளில் விழுந்தது. இரண்டாவது வீச்சுக்கு அவர் கையை ஓங்குவதற்குள் அருவாள் இறங்கியது. முதல் வெட்டு முழங்கையில். மூங்கிலோடு சேர்ந்து கை தொங்கியது. ஞானதுரை பாய்ந்து நடுவில் விழுந்து கர்ணனின் கையைப் பிடித்தார். பிடித்தது கையை அல்ல, அருவாளை. இடது கையின் இரண்டு விரல் மண்ணில் விழுந்தது. வலி தெரியவில்லை. "ஏலே, கேளுடா, ஒங்கய்யா சரியாத்தான் எழுதியிருக்காருடா" என்று அவன் முகத்துக்கு நேரே அலறினார். கர்ணன் அவரைக் காலால் எத்தித் தள்ளினான். அடுத்த வெட்டு சுருளியாண்டியின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஆழமாக இறங்கியது. அருவாளை உருவ முடியாமல் கர்ணன் அவர் நெஞ்சில் மிதித்து உருவினான். பந்தல் மணலெல்லாம் ரத்தம். வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அவர் மேல் விழுந்தார்கள். ஆட்கள் கம்போடு சூழ்ந்துகொண்டு கர்ணனை விழும்வரை அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள்.

சுருளியாண்டியை ஜீப்பில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போடி வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. அதே ஜீப்பின் பின்பக்கம், துணியில் சுற்றிய கையோடு ஞானதுரை உட்கார்ந்திருந்தார். செத்தவரின் தலை ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவருடைய முட்டியில் வந்து வந்து மோதியது.

கை ஆறுவதற்குள் ஞானதுரை பேச ஆரம்பித்துவிட்டார். போலீசில் சொன்னார். தேவாரத்துக்குப் போய்ப் பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர்கள் நடுவில் நின்று சொன்னார். சிப்பு முழு எண்ணைத்தான் பிடிக்கும், மிச்சத்தை விழுங்கிவிடும், அந்தப் பெண் கேட்டைதான், மூலமில்லை என்று ஆதியோடந்தமாகச் சொன்னார். செத்தவரின் தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூலத்துப் பொண்ணு மாமனாருக்கு ஆகாதுன்னு ஒம்ம மெசினு சொல்லுச்சு. சொன்ன ரெண்டு நாளைக்குள்ள எங்கண்ணன் போய்ச் சேந்துட்டாரு. தாலிகூட ஏறலை, அதுக்குள்ள. இதுக்கு மேல என்னய்யா சரியாச் சொல்லணும்?"

ஞானதுரை கடிதத்தை நீட்டினார். ஒருவர் அதை வாங்கிக் கிழித்து எச்சில் இலையில் போட்டார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

இதற்குள் தேவாரத்து மாமனார் கதை பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. சின்னமனூர், உத்தமபாளையம், குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் தவசி வீட்டைத் தேடி வந்தார்கள். ஆளைச் சாகடிக்கிற நட்சத்திரத்தையே கண்டுபிடித்த மெசின் அல்லவா? தவசி முதல் வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு அழுதார், இரண்டாம் வாரம் கதவைத் திறந்தார், மூன்றாம் வாரம் வாசலில் பெஞ்சு போட்டார். பஞ்சாங்கமா? "வாக்கியப் பஞ்சாங்கம் ஒண்ணு சொல்லும், திருக்கணிதம் ஒண்ணு சொல்லும் அண்ணாச்சி. அதை வச்சு மெசினைத் தப்புன்னு சொல்ல முடியுமா?" என்று அவர் கேட்டபோது ஞானதுரை சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஒரே அடிதான் அடிக்க முடிந்தது. திரை நொறுங்கியது. மூளை இருந்த பெட்டி மேல் அடி விழுவதற்குள் பெஞ்சில் காத்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். செருப்பால், குடையால், கையில் கிடைத்ததால் எல்லாம் அடித்தார்கள். மகள் ஜாதகத்தோடு வந்த ஒரு தகப்பன், "உண்மை சொல்ற மெசினை உடைக்க வந்தியாடா" என்று கேட்டுக் கேட்டு விலாவில் உதைத்தான். விலா எலும்பு இரண்டு போயிற்று. மதுரைக் கம்பெனி அடுத்த மாதமே தவசிக்குப் புதுத் திரை அனுப்பியது. போடிக்கும் கம்பத்துக்கும் ஜாதகத்துக்கென்றே ஒவ்வொரு மெசின் கேட்டிருந்தார்கள். ஞானதுரை ஏஜென்சியை விட்டுவிட்டார். கம்பெனி வேறு ஆளைப் போட்டுக்கொண்டது.

அவர் மறுபடியும் ரேடியோவுக்கும் மிக்சிக்கும் திரும்பினார். இடது கையில் மூன்று விரல். ஸ்குரூவைப் பிடிக்க முடியாமல் நழுவும்போதெல்லாம் நின்று மூச்சு விட்டுக்கொள்வார். தாரகை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "விளையாடுறவன் வாங்கட்டும், தங்கம். வேலைக்கு ஆகாது" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுத் தவசியிடம் போய் விசாரித்தார்கள். கர்ணனுக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று. கோர்ட்டில் ஞானதுரை கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது, வெட்டியது கம்ப்யூட்டரா, கர்ணனா என்று வக்கீல் கேட்டார். அறையே சிரித்தது.

தீர்ப்பு வந்த மாசியில் அவர் கடமலைக்குண்டுக்குப் போனார். சாராள் வேண்டாம் என்றார். "அங்கன போயி என்ன சொல்லப்போறீக?" என்று கேட்டார். மலையம்மாளுக்காவது அவள் கேட்டைதான் என்று தெரிய வேண்டாமா என்றார் இவர். ஊரில் ஒருவராவது தன்னை நம்ப வேண்டும் என்கிற ஆசையும் அதில் இருந்தது. அதை அவர் சாராளிடம் சொல்லவில்லை.

மலையம்மாள் களத்துமேட்டில் சோளம் தூற்றிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்த மற்றப் பெண்கள் அவளை விட்டு இருபது அடி தள்ளி நின்று தூற்றினார்கள். அம்மா பஞ்சம்மாள் எழுந்து நடமாட முடியாமல் வீட்டுக்குள் கிடந்தார். ஞானதுரை தன் பெயரைச் சொன்னதும் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவருடைய கையைப் பார்த்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சாங்கத்தைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். ஆறு ஐம்பத்திரண்டு, ஆறு பத்து, இடையில் நாற்பத்திரண்டு நிமிசம், அரைப் பாகை. "நீ கேட்டைதாம்மா. மூலமே இல்ல. ஒன்னால எதுவும் ஆகல. ஒங்கய்யா ஒரு எழுத்துகூட மாத்தி எழுதல" என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். அவள் அழவில்லை. கவனமாகக் கேட்டாள், ஊரில் அவர் பேச்சைக் கடைசிவரை கேட்டது அவள் ஒருத்திதான்.

"அந்தச் சிப்பு இப்பிடிப் பண்ணும்னு ஒங்களுக்கு எப்பங்கய்யா தெரியும்?" என்று கேட்டாள்.

எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் தேதியைச் சொன்னதில்லை. பொய் சொல்லியிருக்கலாம், அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"சித்திரையிலயே தெரியும்மா" என்றார். "ஜோசியருக்கு மெசினை விக்கிறதுக்கு முந்தியே."

மலையம்மாள் முறத்தை மறுபடியும் கையில் எடுத்தாள். யாரையும் திட்டுகிற குரலில் இல்லாமல், தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அப்ப எங்கண்ணன் ஆளு தெரியாம வெட்டிட்டான்."